மாவு, தண்ணீர், உப்பு

அந்தத் தெருவில் ரொட்டிக்கடைக்காரியிடம் வாய் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைவு. மழைக்கு ஒதுங்கியவரைக்கூட அவள் சும்மா விடமாட்டாள். வியாபாரத்துக்காக வரவழைத்துக்கொண்ட பேச்சல்ல அது, கூடவே பிறந்தது. "எங்க அக்கா தூக்கத்துல பேசினாக்கூட எதிர்ல யாராவது உட்கார்ந்து ஊம் கொட்டணும்" என்று அவள் தங்கை கேலி செய்வாள்.

கேக், பன், பிஸ்கட் என்று எல்லாம் இருந்தாலும் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது புளிமாவு ரொட்டிதான். சிலர் அதை சவர்டோ என்று கேட்பார்கள். எப்படிக் கேட்டாலும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். இதில் ஈஸ்ட் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மாவும் தண்ணீரும் கலந்து வைத்தால் அது தானாகப் பொங்கிப் புளிக்கும். அந்தப் புளித்த மாவுக்கு தினமும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் கொடுத்து உயிரோடு வைத்திருப்போம். அதில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் சேர்த்து, ஒன்றரை நாள் பொறுத்திருந்து சுடுகிறோம். மாவில் வயிற்றுக்கு ஆகாததையெல்லாம் அந்த ஒன்றரை நாளில் புளிப்பே பாதி தின்றுவிடும். இப்படிச் சொல்லி முடிக்கும்போது ரொட்டி பையில் ஏறியிருக்கும்.

பைக்கு மேல் ஒட்டும் லேபிளில் இருந்ததும் அவள் வாசகம்தான். 'புளிமாவு ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை.' தங்கை வேலை பார்த்த அச்சகத்தில்தான் அது அச்சானது. கடைசி வரி எதற்கு, இடத்தை அடைக்கிறதே என்று தங்கை கேட்டதற்கு, அந்த வரிக்காகத்தான் லேபிளே என்றாள் இவள்.

ரொட்டி போடுவது அவள் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பெரிய ஹோட்டலின் அடுப்படியில் இருந்தவர். அங்கே அவருக்கு மூக்கு மாஸ்டர் என்று பெயர். மூக்கு பெரிதாக இருந்ததால் அல்ல. மாவுத் தொட்டியின் மூடியைத் திறக்காமலே, பக்கத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடு" என்றோ "போச்சு, தாண்டிடுச்சு" என்றோ சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. சொந்தக் கடை வைத்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. பேச்சில் மட்டும் அவளுக்கு நேர் எதிர். கேட்டால் பதில், இல்லாவிட்டால் இல்லை. முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அவருடையது, நடுவில் ஒரு ஊஞ்சல் கதவு என்று பல வருடம் ஒரு சண்டையில்லாமல் ஓடியது.

கணக்கு டீச்சர் அந்தக் கடைக்கு வர ஆரம்பித்தது நான்கைந்து வருடத்துக்கு முன்னால். பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். ஒண்டிக்கட்டை. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை, அளந்து பேசும் பேச்சு. எது சாப்பிட்டாலும் வயிறு உப்பி வலியில் சுருண்டுவிடுகிற குடல் உபத்திரவம் அவருக்கு. கடை ரொட்டி, பன் எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆசையாக இருந்தால் முறையாகப் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியை ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் வந்தார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பார்கள். இவளுக்குத்தான் பேச ஆள் கிடைத்தால் போதுமே. ஊஞ்சல் கதவைத் திறந்து, மாவு பொங்கிக்கொண்டிருந்த ஜாடியையே கொண்டுவந்து காட்டினாள். டீச்சர் ஒரே ஒரு துண்டு வாங்கிப் போனார். மறுவாரம் வந்து முழு ரொட்டி கேட்டார். "எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் காலையில ரொட்டி தின்னுட்டு, ஒண்ணும் ஆகாம பள்ளிக்கூடம் போனேன்" என்றார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு வாரம் தவறாமல் வந்தார். டீச்சரும் இவளும் ஏதோ ஒரு விதத்தில் சிநேகிதிகள் ஆனார்கள். இவள் தன் மாமியார் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்.

இந்த வருடம் டீச்சரின் வயிறு மறுபடி மோசமானது. பாலை நிறுத்திப் பார்த்தார், பருப்பை நிறுத்திப் பார்த்தார், பழத்தை நிறுத்திப் பார்த்தார். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இவளும் தன் பங்குக்கு வைத்தியம் சொன்னாள். "வேற எதுவும் வேண்டாம் டீச்சர், ஒரு வாரம் நம்ம ரொட்டியை மட்டும் வெந்நீர்ல நனைச்சுச் சாப்பிடுங்க. இதைவிடச் சாதுவான சாப்பாடு கிடையாது" என்று சொல்லி, ஒரு ரொட்டிக்கு இரண்டாகப் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் அப்படியே செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் அது நடந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து அவள் கடைக்குள் காலடி வைத்ததும் கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. லேசாக அல்ல, கண் எரிகிற அளவுக்கு. ஊஞ்சல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அடுப்புக்கு முன்னால் மாஸ்டர் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் லைட்டர். பக்கத்தில் குழாய் கழன்று உஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மேலே ஓடிய மின்விசிறி இரைச்சலில் அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அவள் கத்தவில்லை, கத்த நேரமில்லை. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். லைட்டர் தரையில் விழுந்தது.

இரண்டு பேருமாக சிலிண்டரை அடைத்து, கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவில் வந்து நின்றார்கள். "உங்களுக்கு மூக்கு இல்லையா என்ன? தெருவுக்கே நாறுது" என்றாள். வழக்கமாகத் திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "போன மழைக்காலக் காய்ச்சல்லேருந்து இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்தக் காய்ச்சலுக்குப் பிந்திய மாதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. திரிந்துபோன பாலை ஒரு நாள் மடமடவென்று குடித்தார். அடிப்பிடித்த சமையலை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். முன்பெல்லாம் தட்டு வைக்கும்போதே உப்பு கூட, புளிப்பு குறைவு என்று குறை சொல்கிறவர். வயசாக ஆக மனுஷர் இளகிவிட்டார் என்று தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். இப்போது நடுத்தெருவில் நின்று அதை நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் தனியாக இதைச் சுமந்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் பக்கத்தில் படுத்திருந்தாரே என்று.

டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் நாலைந்து சின்னச் சீசாக்களை ஒவ்வொன்றாக மாஸ்டரின் மூக்கருகே பிடித்தார். மாஸ்டர் பள்ளிப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், இல்லை என்று. ஒரு சீசாவில் இருந்தது காரமான தைலம், உட்கார்ந்திருந்த இவளுக்கே மூக்கில் ஏறியது. காய்ச்சலில் வாசனை நரம்பு கெட்டிருக்கிறது, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, நாள் ஆக ஆக நம்பிக்கை குறைவு என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள். கண் போகவில்லையே, காது போகவில்லையே. நீங்கள் மட்டுமா, ஊரில் எத்தனை பேருக்கு. அப்படிப் பேசிக்கொண்டே வந்தவள் பாதி வார்த்தையில் நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப ரொட்டி எப்படிப் போடுறீங்க?"

மாஸ்டர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்.

காய்ச்சல் விட்டு வந்த முதல் வாரத்தில் கண்ணை நம்பித்தான் வேலை செய்தார். மாவு பொங்குகிறது, குமிழ் வருகிறது, பார்க்க எல்லாம் சரி. சுட்டு எடுத்தால் ஒரு நாள் கல், மறுநாள் கூழ். மாவு சரியில்லை என்று அவர் சொன்னதும் அதே நாட்களில்தான். அதை நம்பி இவள் மாவு மில்காரரிடம் போனில் வாய்ச்சண்டை போட்டிருக்கிறாள். அந்த மனிதர் பாவம், ஒரு மூட்டையை மாற்றிக்கூடத் தந்தார். அப்புறம் புளித்த மாவு ஜாடி கெட்டுப்போனது. கெட்டது அவருக்குத் தெரியவில்லை. மேலே பூசணம் பூத்த பிறகுதான் தெரிந்தது. கொட்டிவிட்டார். பேக்கரிச் சாமான் விற்கிற ஏஜெண்டிடம் புளிப்புப் பொடி என்று ஒன்று இருந்தது. சாதாரண ஈஸ்ட் மாவில் அதை அளந்து போட்டால் புளிப்பு வந்துவிடும். கொஞ்சம் வினிகர். மூன்று மணி நேரத்தில் ரொட்டி தயார். மேலே அதே கீறல், அதே நிறம், அதே மொறுமொறுப்பு. எல்லாம் தராசு வேலை, மூக்குக்கு வேலை இல்லை.

"ஒரு ஆள்கூடக் கேட்கல" என்றார் மாஸ்டர். "நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. மூக்கு திரும்பி வந்ததும் பழையபடி மாத்திடலாம்னு இருந்தேன். இதோ, இதோன்னு போயிடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? மூக்கு மாஸ்டருக்கு மூக்கு போச்சுன்னா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நீங்க செஞ்சது ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் நான் வாய் கிழியச் சொல்றது கதவுக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்கும் இல்ல? ஈஸ்ட் கிடையாது, ஒன்றரை நாள்னு. கேட்டுக்கிட்டேதானே நின்னீங்க? ஒரு பொய்யை என் வாயால இத்தனை பேர்கிட்ட சொல்ல வெச்சுட்டீங்களே."

மாஸ்டர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் லேபிளைக் கிழித்துப் போட்டுவிடுவது என்றுதான் அவள் கடைக்குப் போனாள். ஆனால் கடை திறக்கும் முன்பே ஆள் நின்றது. அடுப்பிலிருந்து ரொட்டி வந்தது. தட்டில் அடுக்கும்போது எடுத்து முகர்ந்து பார்த்தாள். புளிப்பு இருந்தது. ஆனால் மேலோட்டமாக, கழுவி விட்ட பாத்திரத்தில் எலுமிச்சை தேய்த்தது போல. தெரிந்துகொண்டு முகர்ந்ததால் தெரிந்தது. இத்தனை மாதம் இதையே தொட்டு, வெட்டி, பை கட்டிக் கொடுத்த தனக்கு ஏன் தெரியாமல் போனது என்று நினைத்தாள். மூக்கு அவர் பாடு, வாய் நம் பாடு என்று விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

வரிசையில் நான்காவதாக டீச்சர் நின்றிருந்தார்.

அன்றைக்கு டீச்சர் சோர்ந்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. "வேற எதுவும் இறங்க மாட்டேங்குது. உன் ரொட்டிதான் சாப்பாடு" என்றார். சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. டீச்சருக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தட்டு மாற்றுகிற சத்தம் சட்டென்று நின்றது. அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் ரொட்டியை எடுத்தாள், பையில் போட்டாள், கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன, இன்னைக்கு உனக்கும் உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர்தான் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் சொல்லாமல் விட்டதை இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கு அவர்கள் இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புளிமாவைப் புதிதாக ஆரம்பிப்பது. அவர் மூக்குக்குப் பதில் அவள் மூக்கு. ரொட்டி பழையபடி ஆகிவிட்டால் லேபிளும் உண்மையாகிவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் இதைச் சொன்னபோது அவளுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்ததும் இரண்டு பேரும் ஜாடிக்கு முன்னால் உட்காருவார்கள். அவர் மூடியைத் திறந்து அவள் பக்கம் தள்ளுவார்.

"எப்படி இருக்கு?"

"புளிச்ச மாதிரி இருக்கு."

"எந்தப் புளிப்பு? தயிரா, பழமா, வினிகரா?"

அவளுக்குத் தெரியாது. புளிப்பு என்றால் புளிப்பு. வாழ்நாள் முழுக்க வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவள் அந்த ஜாடிக்கு முன்னால் திக்கினாள். ஈரத்துணி என்பாள், இல்லை, மழையில் நனைந்த மரம் என்பாள். அவர் பொறுமையாகக் கேட்பார். சில நாள் பொறுமை போய் ஜாடியைப் பிடுங்கி, தன் மூக்கருகே கொண்டுபோய் பலமாக இழுப்பார். இழுத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் அவள் வாடிக்கையாளர் வந்த சாக்கில் முன்பக்கம் எழுந்து போய்விடுவாள்.

இரண்டு தடவை மாவு செத்தது. மூன்றாவது பிழைத்தது. மெல்ல மெல்ல அவளுக்கும் பிடிபட்டது. தயிர் வாசம் முதலில் வரும், அதற்குப் பின்னால் லேசாகப் பழுத்த ஆப்பிள் வந்தால் சரியான நேரம், மூக்கைச் சுரீரென்று குத்தினால் தாண்டிவிட்டது. இப்படி இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதமும் முன்பக்கம் பழைய லேபிளில் பொடி போட்ட ரொட்டிதான் விற்றது. டீச்சர் ஆறு தடவையாவது வந்திருப்பார். பிறகு வரவில்லை.

முதல் ரொட்டி சரியாக வந்த அன்று, சூட்டோடு சூடாக அதைப் பிட்டாள். உள்ளே ஈரப்பதமான பெரிய துளைகள், அடியாழத்திலிருந்து வருகிற புளிப்பு, மேலோட்டில் கருகியும் கருகாத இனிப்பு. வாயில் போட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுதான், இதேதான். மாஸ்டருக்கு ஒரு துண்டு நீட்டினாள். அவர் நிதானமாக மென்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "மொறுமொறுன்னு இருக்கு" என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. மீதித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

அன்று சாயங்காலமே அவள் ஒரு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த டீச்சரைப் பார்த்ததும் அடையாளமே தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கூடத்து மேஜையில் புத்தகங்கள் கட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு வகுப்பு முடியும் வரை நிற்க முடியவில்லை, பாதியில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது, பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் வேலையை விட்டுவிட்டேன் என்று டீச்சர் சொன்னார். பேருந்து தப்பிப்போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். இவள் கையில் இருந்த பையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நானே வரணும்னு இருந்தேன். படி இறங்க முடியல. நீ எடுத்துட்டு வந்துட்ட" என்று கையை நீட்டினார்.

அவள் பையைக் கொடுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டரின் காய்ச்சல், மூக்கு, பொடி, ஜாடி. வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. முன்னும் பின்னுமாக, துண்டு துண்டாகத்தான் வந்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேஜையில் கிடந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார் பிறகு. "ரொட்டியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். என் குடல் அப்படி. உன் வீட்டுக்காரர் பாவம். அவர் மேல எனக்குக் கோபம் வரல."

அவளுக்கு உயிர் வந்தது போல் இருந்தது. அப்போது டீச்சர் கேட்டார், "உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் டீச்சர் நம்பியிருப்பார். அவள் சொன்னாள், "ரெண்டு மாசம் இருக்கும் டீச்சர்."

"ரெண்டு மாசம்." டீச்சர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அதுக்கப்புறம் நான் வந்தேனே."

"வந்தீங்க."

"வேற எதுவும் இறங்கலன்னு உங்கிட்டதானே சொன்னேன்."

"சொன்னீங்க."

"நீதானே எடுத்துக் கொடுத்த?"

டீச்சர் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கை எந்த வரியில் தப்பியது என்று கண்டுபிடித்த மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். "இன்னைக்குக் கொண்டு வந்தது நல்ல ரொட்டின்னு சொல்ற. இருக்கும். ஆனா நீ சொல்றதை வெச்சுத்தான் நான் சாப்பிடணும். அது இனிமே முடியாதும்மா" என்றார். எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். படியில் விளக்கு இல்லை, பார்த்து இறங்கு என்று சொல்லிவிட்டுத்தான் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து அவள் மாஸ்டரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நாளைக்குக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன். மாஸ்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"இப்பதான் நிஜமா பண்றோம். இப்ப எதுக்குச் சொல்லணும்? பொய்யா பண்ணும்போது பேசாம இருந்துட்டு?"

"அதனாலதான்" என்றாள்.

சொன்னாள். கண்ணாடிக் கதவில் எழுதியும் ஒட்டினாள். இத்தனை மாதமாக இந்த லேபிளில் விற்ற ரொட்டி புளிமாவு ரொட்டி அல்ல, ஈஸ்ட்டும் பொடியும் போட்டது, மன்னிக்கவும், இனிமேல் உண்மையானது. படித்தவர்கள் பலவிதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டி, அதனாலென்ன, நல்லாத்தானே இருந்தது என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு அம்மாள் பையை மேஜையில் வைத்துவிட்டு, என் பிள்ளைக்கு இதைத்தானே கொடுத்தேன் என்று அங்கேயே நின்றார். பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். யாரோ புகார் கொடுத்து, உணவுப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். ரொட்டியை எடுத்துப் போனார், ஜாடியைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, லேபிளில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். லேபிள் பொய் சொன்னபோது வாசலில் வரிசை நின்றது. அது உண்மை சொன்னபோது ரொட்டி சாயங்காலம் வரை தட்டில் இருந்து காய்ந்தது.

மாஸ்டருக்கு ஆட்கள் போனதைவிட வேறொன்று தாங்கவில்லை. தினமும் அவள் ஜாடியைத் திறந்து, ஆப்பிள் வந்துடுச்சு, இப்ப எடுக்கலாம் என்று சொல்ல, அதைக் கேட்டு அவர் செய்வது. அவள் சரியாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள், ஊருக்கு வெளியே இருக்கும் ரொட்டித் தொழிற்சாலையில் கேட்டுவிட்டேன், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அங்கே மாவு எப்போது பொங்கும், எப்போது அடுப்புக்குப் போகும் என்பதெல்லாம் இயந்திரம் சொல்லிவிடும். தனியாகப் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை. கடையை விட்டுவிட்டார்கள். அடுப்பை இன்னொரு பேக்கரிக்காரர் வந்து பெயர்த்து எடுத்துப் போனார். ஜாடியில் மிச்சமிருந்த மாவை அவளே கழுவி ஊற்றினாள்.

தொழிற்சாலையிலும் அந்த ரொட்டி உண்டு. பை மேல் சவர்டோ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் எறும்பளவு எழுத்தில் 'சுவை' என்று சேர்த்திருப்பார்கள். உள்ளே அதே பொடி. எல்லாம் சட்டப்படிதான், ஒரு நாளைக்கு லாரி லாரியாகப் போகிறது என்று மாஸ்டர் ஒரு தடவை சொன்னார். கோபமாகவும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை. மூக்கு திரும்பவில்லை. வீட்டில் கேஸ் நாற்றம் வந்தால் அலறுகிற கருவி ஒன்றை அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள்.

அவள் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள், நிலைக்கண்ணாடியில் பார்க்கச் சொல்வாள். இது உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. நீங்களே பாருங்க என்பதோடு சரி. முதலாளிக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. அச்சகத்துத் தங்கை வீட்டுக்கு வந்தால், அக்காவைப் பேச வைக்க இப்போது அவள்தான் ஏதாவது கிளப்பிவிட வேண்டியிருக்கிறது.

டீச்சரை ஒரே ஒரு முறை பார்த்தாள், பேருந்தில், முன் இருக்கையில். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கழுத்தெலும்பு தெரியவில்லை. மடியில் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு போல ஏதோ இருந்தது, வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார் போலும். உடம்பு தேறியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. எழுந்து போய்க் கேட்டுவிடலாமா என்று கம்பியைப் பிடித்தாள். எப்போதிலிருந்து தேறியது என்று கேட்க வேண்டும். ரொட்டியை நிறுத்தியதிலிருந்துதான் என்று டீச்சர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தான் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே பின்வாசல் வழியாக இறங்கி, மீதித் தூரத்தை நடந்தாள்.